நாய், பூனைகளின் கேன்சர் சிகிச்சைக்குப் பணம் தரும் எங்கள் குழு: யார் நாங்கள், பணம் எங்கே போகிறது?

லிங்கராஜபுரம் மீனா:

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "நாய்க்குக் கேன்சர் என்று சொல்லிக் காசு வாங்குகிறீர்களே, நீங்களெல்லாம் யார்? அந்தக் காசு எங்கே போகிறது?" கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் இந்தத் தனி இழை.

நாங்கள் பெங்களூரில் இருக்கும் சின்னக் குழு. அல்சூர், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழர்கள்தான் அதிகம். பி.இ.எம்.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலு சார் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வரும் ரிப்போர்ட்டுகளைப் படித்து, எது அவசரம் என்று பிரித்து வைக்கிறாள். அந்தோணி அண்ணன் தன் ஆட்டோவில் நாய்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கொண்டு வருகிறார். நான் போன் எடுக்கிறேன். யாருக்கும் சம்பளம் கிடையாது.

யோசனை எங்களுடையது இல்லை. அமெரிக்காவில் லாரி காப்லான் என்ற பெண்மணி வளர்த்த புல்லட் என்ற ஹஸ்கி நாய்க்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வந்தது. கீமோ கொடுத்தார்கள், அது பல வருஷம் நன்றாக வாழ்ந்தது. அந்த நாயின் பெயரிலேயே, பணம் இல்லாத குடும்பங்களின் நாய் பூனைகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்க மேஜிக் புல்லட் ஃபண்ட் என்று ஒரு நிதியை ஆரம்பித்தார். சிகாகோவில் சாரா லாக் என்பவர் எலும்புப் புற்று வந்த ரூ என்ற நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்து கடைசி வரை பார்த்துக்கொண்டார். அதன் பெயரில் லிவ் லைக் ரூ என்ற அமைப்பு இன்றும் நடக்கிறது. இரண்டுமே ஒரு நாயும் அதை இழந்த ஒரு மனுஷியுமாகத் தொடங்கியவை. அவற்றைப் பற்றிப் படித்த பிறகுதான் நம் ஊரிலும் முடியும் என்ற தைரியம் எங்களுக்கு வந்தது.

எங்கள் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் குடும்பத்தின் கையில் தருவதில்லை, ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேராகப் போகும். குடும்பமும் முடிந்ததைப் போட வேண்டும், அது ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே கட்டி முடித்த பில்லுக்குத் தருவதில்லை. புண்ணைப் படம் எடுத்துப் போட்டு யாரிடமும் பணம் கேட்பதில்லை.

இத்தனை காலத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. முதல் வாரத்தில் டெஸ்டுக்குச் செலவழிக்கும் இரண்டாயிரம் ரூபாய் செய்கிற வேலையை மூன்றாம் மாதம் கொட்டுகிற ஐம்பதாயிரம் செய்வதில்லை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த மூன்றாம் மாதத்தில்தான் வருகிறார்கள். கட்டி எலுமிச்சம்பழ அளவு ஆகும் வரை "கொழுப்புக் கட்டியாக இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது யாரோ விடச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் இப்போது ஊசி வைத்துச் செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்டுக்கு மட்டும் நாங்கள் விசாரணையே வைப்பதில்லை. கட்டி என்று போன் வந்தால் போதும், டெஸ்டுக்குப் பணம் உண்டு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

—

எஜிபுரா செந்தில்:

அக்கா, கேட்டவன் நான்தான். பதிலுக்கு நன்றி. ஆனாலும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்களா? ராய்ச்சூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து, கையில் ஃபைலோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். அங்கே ஒரு குழந்தைக்குப் போக வேண்டிய பணம் லாப்ரடாருக்குப் போவதை எப்படி ஏற்றுக்கொள்வது? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

—

அல்சூர் பாலு:

தம்பி செந்தில், கித்வாயை எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவிக்கு அங்கேதான் சிகிச்சை நடந்தது. 1973-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, அந்த மரத்தடியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நீங்கள் சொல்வது எனக்குக் கோபம் தரவில்லை.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மனிதர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா இருக்கிறது, முதலமைச்சர் நிவாரண நிதி இருக்கிறது, ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் சொந்தக்காரர்களிடம் கை நீட்டலாம். போதாதுதான், ஆனால் தட்டுவதற்குக் கதவாவது இருக்கிறது. மர்ஃபி டவுனில் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா, தன் நாய்க்கு மார்பில் கட்டி என்று எந்தக் கதவைத் தட்டுவார்? சொந்தக்காரர்களிடம் சொன்னால் திட்டுதான் கிடைக்கும்.

இன்னொன்று. எங்களுக்கு மாதாமாதம் நூறும் இருநூறும் அனுப்புகிறவர்களில் பலர் கித்வாய்க்கும் அனுப்புகிறவர்கள். நான் இரண்டு பக்கமும் ரசீது பார்த்தவன் என்பதால் தெரியும். ஒரு பக்கம் கொடுத்துப் பழகிய கைதான் இன்னொரு பக்கமும் கொடுக்கிறது.

மருந்து விஷயமும் உண்டு. என் மனைவிக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்றின் பெயரை எங்கள் குழுவுக்கு வந்த முதல் பில்லிலேயே பார்த்தேன். அதே மருந்து, அதே கம்பெனி. அளவு மட்டும்தான் வேறு. டாக்டர் இந்த இழையைப் பார்த்தால் விளக்கமாகச் சொல்லுவார்.

—

ஹெப்பால் வெட்:

பாலு சார் கூப்பிட்டதால் வந்தேன். நான் கால்நடை டாக்டர், இந்தக் குழுவில் உறுப்பினர் இல்லை. அவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

ஆமாம், நாய்களுக்குக் கொடுக்கும் கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை மனிதர்களுக்கான மருந்துகளே. வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணிச் செடியிலிருந்து வருவது. 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் ஒரு குப்பி சில நூறு ரூபாயைத் தாண்டாது. செலவு மருந்தில் குறைவு; டாக்டரின் நேரம், ஒவ்வொரு முறையும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆபரேஷன், இவற்றில்தான் பணம் போகிறது.

எந்தப் புற்றுக்குச் செலவு செய்தால் பலன் உண்டு என்பது இந்தக் குழு மாதிரி வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். தெரு நாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து ரத்தம் கசியும் கட்டி வரும், நாங்கள் டி.வி.டி. என்போம். ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு உயிருள்ள புற்றுச் செல்லே தொற்றும் அபூர்வ வகை அது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்கள்தான் இன்னும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் வீதம் நாலு முதல் ஆறு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும். புண் நாறுகிறது என்று இந்த நாய்களைக் கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள். குணமாகக் கூடிய ஒன்றுக்காக ஒரு உயிர் அடிபடுவதை என்னால் தாங்க முடிவதில்லை.

ஊசியை ரத்தக் குழாயில் சரியாகப் போட வேண்டும். வின்கிரிஸ்டின் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்து போகும். "மருந்து மலிவுதானே, கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்கிறேன்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

லிம்போமா வேறு கதை. மருந்தில்லாமல் விட்டால் நாலு முதல் ஆறு வாரம். நாலு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோ ஏறக்குறைய ஆறு மாதம் நடக்கும். பத்து நாய்களில் எட்டுக்கு மேல் கட்டிகள் வற்றிப் போகும், நாய் பழையபடி ஓடும். ஆனால் இது நிரந்தரக் குணம் இல்லை. எந்த வெள்ளணுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து பி, டி என்று வகை பிரிப்போம். பி வகை என்றால் சராசரியாக ஒரு வருஷம், சிலது இரண்டைத் தாண்டும். டி வகை அதைவிடக் குறைவு. குடும்பத்திடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கீமோ என்றதும் நாய் மொட்டையாகி வாந்தி எடுத்துக்கொண்டே கிடக்கும் என்று நினைக்கிறார்கள். நாய்களுக்கு மனிதர்களை விடக் குறைந்த அளவில்தான் கொடுக்கிறோம். நோக்கம், இருக்கிற நாள் நல்ல நாளாக இருக்க வேண்டும் என்பது. பூடில் மாதிரி சில இனங்கள் தவிர மற்றவற்றுக்கு முடி பெரிதாகக் கொட்டாது. ஒரு வாரத்தில் வெள்ளணுக்கள் இறங்கும், அப்போது காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

பெண் நாய்களின் மார்புக் கட்டி பாதிக்குப் பாதி கெட்டது. பூனைகளில் பத்தில் எட்டு ஒன்பது கெட்டது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இது வரும் வாய்ப்பு மிகமிகக் குறைந்துவிடும். ஒரு கீமோவுக்கு ஆகும் செலவில் எத்தனை கருத்தடை செய்யலாம் என்று பாலு சார் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

—

கோரமங்களா கார்த்தி:

டாக்டர் சார், இந்த இழையைப் படித்துக் கொண்டிருக்கும்போதே கை நடுங்குகிறது. எங்கள் லாப்ரடாருக்கு ஏழு வயது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கோலிக்குண்டு மாதிரி வீங்கியிருக்கிறது. நேற்று தடவிப் பார்த்தால் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் இருக்கிறது. தொட்டால் வலிக்கிற மாதிரி தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். பக்கத்துக் கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். இன்று ராத்திரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொடுக்கலாமா?

—

ஹெப்பால் வெட்:

கார்த்தி, உங்கள் நாயைப் பார்க்காமல் நான் நோய் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை ஆரம்பிக்கும் முன் நாளைக் காலையிலேயே ஊசி டெஸ்ட் எடுக்க முடியுமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். தாடை, தோள்பட்டை, முட்டிக்குப் பின்புறம் எனப் பல இடத்தில் ஒரே சமயத்தில் வலியில்லாமல் நிணநீர்க்கட்டி வீங்கினால் லிம்போமாவா என்று பார்த்தாக வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி வீங்கும், அதனால் ரத்தமும் பாருங்கள்.

ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி கரைந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். லிம்போமாவாக இருந்தால் சில வாரத்தில் திரும்பி வரும், அப்போது கீமோவுக்கும் சரியாக அடங்காது. டெஸ்ட் முடிவும் குழம்பிப் போகும். வேறு நோய்க்காக அவசரமாகக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானா? லிம்போமாவில் சில சமயம் ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அப்படி ஆகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

—

லிங்கராஜபுரம் மீனா:

கார்த்தி, டெஸ்ட் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். கிளினிக் பெயரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், காலையில் பாலு சார் கட்டிவிடுவார்.

—

ஆட்டோ அந்தோணி:

அப்பா சொல்லச் சொல்ல மகள் நான் டைப் செய்கிறேன்.

எல்லோருக்கும் வணக்கம். பெரிய விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. நாயை ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊரில் பெரிய நாயோடு நின்றால் எந்த ஆட்டோவும் நிற்காது, ஆப்பில் புக் செய்தாலும் பார்த்துவிட்டுக் கேன்சல் செய்துவிடுவார்கள். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போகிற நாயா அது? நாலு வாரம் சிகிச்சை என்றால் நாலு தரம் போக வேண்டும். போக முடியாததாலேயே பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்துக்குப் பணம் இருந்திருக்கிறது, வண்டிதான் இல்லை.

நான் சீட்டில் ரெக்ஸின் விரித்து, அதன் மேல் பழைய பெட்ஷீட் போட்டு வைத்திருப்பேன். கீமோ கொடுத்து வரும் நாய் வழியில் மூத்திரம் போனால் கையுறை போட்டுத்தான் துடைப்பேன். டாக்டர் சொல்லிக் கொடுத்தது: இரண்டு மூன்று நாளைக்கு அதன் மூத்திரத்திலும் மலத்திலும் மருந்து வரும், வெறுங்கையால் தொடக்கூடாது, கர்ப்பமாக இருக்கிற பெண்கள் கிட்டவே போகக்கூடாது. எங்கள் ஆஸ்டின் டவுன் மாதிரி இடத்தில் ஒரே ரூமில் நாயும் கைக்குழந்தையும் இருக்கும். அதனால் வீட்டில் இறக்கிவிடும்போது ஒரு கட்டுக் கையுறையையும் கொடுத்துவிட்டு, எங்கே மூத்திரம் போக வைக்க வேண்டும், எப்படித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். அந்தக் கையுறையையும் குழு வாங்கித் தருகிறது. இதையும் சேர்த்துத்தான் சிகிச்சைச் செலவு.

தெரு நாய் என்றால் பிடிப்பதே பெரும்பாடு. கூபா மாதிரி பழைய விலங்கு நல அமைப்புகளிடம் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். கிரிஸ்டல் ரோஜர்ஸ் அம்மா 1991-இல் ஆரம்பித்தது அது. சிகிச்சை முடியும் வரை நாயை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் அது எங்கே இருக்கும் என்றே தெரியாது. எங்கள் தெருவில் சாப்பாடு வைக்கும் பெண்கள்தான் இதற்குப் பெரிய துணை. அவர்கள் கூப்பிட்டால் வரும், நான் கூப்பிட்டால் ஓடும்.

—

மாட்டுங்கா ரமணி:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். இங்கே மகாலட்சுமியில் 2024-இல் டாடா டிரஸ்ட் விலங்கு ஆஸ்பத்திரி திறந்தார்கள், 165 கோடி ரூபாய்ச் செலவு என்று செய்தியில் வந்தது. ரத்தன் டாடா தன் நாயை மூட்டு மாற்று சிகிச்சைக்காக அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வரை கொண்டு போனதையும், அதற்குள் காலம் கடந்துவிட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு வசதி உள்ளவருக்கே அப்படி. மீனா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது.

லண்டனில் 1917-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, மரியா டிக்கின் என்ற பெண்மணி ஏழைகள் வாழும் ஈஸ்ட் எண்ட் பகுதியில் ஒரு நிலவறையில் இலவச மருத்துவமனை திறந்தார். நோயுற்ற பிராணிகளைக் கொண்டு வாருங்கள், சிகிச்சை இலவசம் என்று வாசலில் எழுதி வைத்தார். அதுதான் இன்றைய பி.டி.எஸ்.ஏ. போர்க் காலத்தில், மனிதர்களுக்கே ரொட்டி இல்லாத ஊரில் தொடங்கியது. செந்தில் தம்பியின் கேள்வியை அந்த அம்மாவிடமும் நிச்சயம் யாராவது கேட்டிருப்பார்கள்.

—

ஜெயந்தி (ஃப்ரேசர் டவுன்):

இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எல்லோரும் குழுவைப் பாராட்டுகிறீர்கள். என் பூனைக்கு இதே குழு இல்லை என்று சொன்னது. பன்னிரண்டு வயது. வயிற்றில் பால் காம்புக்குப் பக்கத்தில் கட்டி. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி எஸ்டிமேட் கொடுத்தார்கள், என்னிடம் பாதிதான் இருந்தது. மீனா அக்கா போனில் அவ்வளவு அன்பாகப் பேசினீர்கள். மறுநாள் வேறு யாரோ கூப்பிட்டு, ஆபரேஷனுக்குத் தர முடியாது, வலி மருந்துக்குத் தருகிறோம் என்றார்கள். எனக்கு அன்றைக்கு உலகமே இருண்டது. கடைசியில் அவள் வலியில்லாமல்தான் போனாள், அதற்கு நன்றி. ஆனால் ஏன் இல்லை என்றீர்கள்? வயசான பூனை என்பதாலா? முடிவெடுத்தது யார்?

—

லிங்கராஜபுரம் மீனா:

ஜெயந்தி, நீங்கள் இங்கேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வயசு காரணமே இல்லை. உங்கள் பூனையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலில் பரவியிருந்தது. அந்த நிலையில் வயிற்றுக் கட்டியை வெட்டி எடுத்தால், தையல் ஆறுவதற்குள்ளேயே மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். அவளுக்கு இருந்த கொஞ்ச நாளைக் கூண்டிலும் தையல் வலியிலும் கழிக்க வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பூனைகளின் மார்புக் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது, பரவாத நிலையில், எடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். அப்படி வந்த பூனைகளுக்கு வயது பார்க்காமல் கொடுத்திருக்கிறோம்.

யார் முடிவெடுப்பது என்று கேட்டீர்கள். நான் எடுப்பதில்லை. போனில் பேசியவர் முடிவில் உட்காரக் கூடாது என்பது எங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்து வைத்த விதி. அழுகிற குரலைக் கேட்ட பிறகு என்னால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. நான் கொடுத்துக்கொண்டே போனால் மாதத்தின் முதல் வாரத்திலேயே பணம் தீர்ந்துவிடும், பத்தாம் தேதி டி.வி.டி.யோடு வரும் நாய்க்கு ஒன்றும் இருக்காது. அதனால் ரிப்போர்ட் மட்டும் மூன்று பேரிடம் போகும். அவர்களுக்குக் குடும்பத்தின் பெயரோ, எந்தப் பகுதி என்பதோ, எவ்வளவு அழுதார்கள் என்பதோ தெரியாது. டாக்டர் ஒருவரிடமும் கருத்துக் கேட்பார்கள். மூன்றில் இரண்டு பேர் சரி என்றால் பணம் போகும். இல்லை என்றால், அதை இன்னொருவர் கூப்பிட்டுச் சொல்லுவார். அந்தப் போன் பேசுகிறவர் ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சொல்லி முடித்த பிறகும் வைத்துவிட மாட்டார், நீங்கள் பேசுகிற வரை கேட்பார்.

இல்லை என்று சொன்ன எந்த வீட்டையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. வலி மருந்து, தேவைப்பட்டால் வீட்டுக்கே டாக்டர், கடைசியில் ஊசி போட்டு அமைதியாக அனுப்பி வைக்கும் செலவு, இதற்கு உச்சவரம்பே வைக்கவில்லை. பூனை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: வலிக்கிறதே என்று நம் பாரசிட்டமாலைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அவசரப்பட்டு அன்பினால் கொடுத்து இழந்தவர்களின் போன்கள் எனக்கு வந்திருக்கின்றன.

உங்கள் பூனையின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, ஜெயந்தி. இங்கே எழுதவில்லை.

—

ஜெயந்தி (ஃப்ரேசர் டவுன்):

எக்ஸ்ரேயில் பரவியிருந்ததை ஆஸ்பத்திரியில் யாரும் எனக்கு இப்படி விளக்கவில்லை. "சான்ஸ் கம்மி" என்றுதான் சொன்னார்கள். இப்போது புரிகிறது அக்கா. வருத்தம் போகவில்லை, ஆனால் கோபம் போய்விட்டது. அந்த டீச்சரம்மாவோடு பேச முடியுமா?

—

லிங்கராஜபுரம் மீனா:

கட்டாயம். இன்று சாயந்திரம் அவரே கூப்பிடுவார்.

—

எஜிபுரா செந்தில்:

ரெண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தின் பெயரை மறைத்து முடிவெடுக்கும் முறையை நான் மனிதர்களுக்கான அமைப்புகளிலேயே அதிகம் பார்த்ததில்லை. என் கேள்வி முழுசாகத் தீரவில்லை, கித்வாய் மரத்தடி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் மாதம் அங்கே ஐந்நூறு, இங்கே இருநூறு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். ரசீது கிடைக்குமா? என் அண்ணன் டெக்சாஸில் இருக்கிறான், அவனும் அனுப்பலாமா?

—

அல்சூர் பாலு:

ரசீது உண்டு தம்பி. நாங்கள் பதிவு செய்த டிரஸ்ட், நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி இருக்கிறது. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்குத்தான் அதனால் பயன், புது முறையில் இருப்பவர்களுக்குக் கழிவு கிடைக்காது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை, அதனால் யு.பி.ஐ.யிலோ செக்கிலோ கொடுங்கள்.

அண்ணன் இன்னும் இந்தியக் குடிமகனா? அப்படியென்றால் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத எங்களால் ஒரு ரூபாய் கூட வாங்க முடியாது. ஆசையோடு அனுப்புகிறவர்களிடம் திருப்பி அனுப்புவது சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் விளையாடினால் டிரஸ்டே மூடப்படும். அப்படிப்பட்டவர்களை நான் அவர்கள் ஊரிலேயே இருக்கும் அமைப்புக்குக் கொடுக்கச் சொல்கிறேன். அங்கேயும் நாய்க்குக் கேன்சர் வருகிறது.

டாக்டர் சொன்ன கருத்தடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்த மாதத்திலிருந்து ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்கப் போகிறேன். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறவர்கள் அப்படியே வந்து கலந்துகொள்ளலாம், கணக்குப் புத்தகம் மேஜையில்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

—

கோரமங்களா கார்த்தி:

ரிசல்ட் வந்துவிட்டது. லிம்போமாதான். மாத்திரையை ஆரம்பிக்கவில்லை. நான் போய்க் கேட்டதும் அந்த டாக்டரே ஊசி டெஸ்ட் எடுத்து அனுப்பினார், கோபப்படவில்லை. கால்சியம் சரியாக இருக்கிறது. பி வகையா டி வகையா என்று பார்க்க இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அவன் மட்டும் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். நாங்கள் கீமோ கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம். ஒரு வருஷம்தான் என்றாலும் சரி. என் சம்பளத்தில் பாதிக்கு மேல் சமாளிப்பேன், மீதிக்கு விண்ணப்பம் போடலாமா?

—

ஹெப்பால் வெட்:

தைரியமாக இருங்கள். அந்த நாலு மருந்துகளில் ஒன்றான டாக்ஸோரூபிசின் ஆரம்பிக்கும் முன் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த மருந்து சேரச் சேர நாயின் இதயத்தைப் பாதிக்கும், அதனால் மொத்த அளவைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

—

லிங்கராஜபுரம் மீனா:

போடலாம் கார்த்தி. ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட், ஊசி டெஸ்ட் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட் மூன்றையும் நாளைக்குள் அனுப்புங்கள். வகை தெரியும் வரை காத்திருக்க வேண்டாம், அது பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். நான் உங்களோடு பேசிவிட்டதால் முடிவில் இருக்க மாட்டேன், வேறொருவர் கூப்பிடுவார். அம்மாவுக்குப் பேச வேண்டும் போலிருந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், ராத்திரி பத்து மணி வரை எடுப்பேன்.

—

ஆட்டோ அந்தோணி:

கோரமங்களா எந்த பிளாக் தம்பி? காலை ஏழு மணிக்கு என்றால் டிராஃபிக் இல்லாமல் போய்விடலாம். லாப்ரடார் என்றால் பின் சீட் முழுக்க அவனுக்குத்தான், நீங்கள் பைக்கில் பின்னால் வாருங்கள், அம்மா வேண்டுமானால் அவனோடு உட்காரட்டும்.